ஆமை போட்ட பச்சை டிக்

கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பெயர், தேதி, வகை, அளவு. நாலே நாலு காலம். (நேரத்தைச் சொல்லும் காலம் இல்லை, லெட்ஜரில் கோடு போட்டுப் பிரிப்போமே, அந்தக் காலம்.) விண்டோஸ் 95 வந்த 1995இலிருந்து இன்றுவரை நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது இந்த நாலைத்தான். பி.காம் படித்துவிட்டு வங்கிக்கு வந்தவன் என்பதால் எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே அரைகுறைக் கணக்காகத்தான் பட்டது. தேதி இருக்கிறது, சரி. யார் மாற்றியது? எதற்காக மாற்றியது? அதை வேறு யாராவது பார்த்து ஒப்புக்கொண்டார்களா? ஒன்றுக்கும் பதில் கிடையாது.

நான் வேலையில் சேர்ந்தது 2004இல், ஒரு கிராமக் கிளையில். கனத்த அட்டை போட்ட லெட்ஜர் அங்கே அப்போதும் புழக்கத்தில் இருந்தது. ஒரே ஒரு வரியைப் படித்தால் போதும், நடந்தது முழுக்கத் தெரிந்துவிடும். தேதி, நேரேஷன், பற்று, வரவு, இருப்பு, எழுதிய கிளார்க்கின் இனிஷியல், அதற்குப் பக்கத்தில் ஆபீசர் சிவப்பு மையில் போட்ட டிக். (எங்களுக்குச் சிவப்பு டிக் என்றால் சரிபார்த்தாயிற்று என்று அர்த்தம். கம்ப்யூட்டர்காரர்கள்தான் சிவப்பை அபாய விளக்காக்கிவிட்டார்கள்.) நேரேஷன் காலத்தில் 'பை க்ளியரிங்' என்றோ 'டு செல்ஃப்' என்றோ இரண்டு வார்த்தைதான் இருக்கும். ஆனால் அது இல்லாத பதிவை எந்த ஆபீசரும் பாஸ் பண்ண மாட்டார்.

பொட்டி தட்டுகிற மக்களுக்கும் இந்த லெட்ஜர் தேவைப்பட்டது, அதுவும் ரொம்ப சீக்கிரமே. இருபது பேர் சேர்ந்து ஒரே மென்பொருளை எழுதினால் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று தெரிந்தாக வேண்டும். 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் எஸ்சிசிஎஸ் என்ற ஒன்றை எழுதினார். ஃபைலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்துவைக்கும் கணக்குப்பிள்ளை. 1982இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி ஆர்சிஎஸ் எழுதினார். 1986இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூனே என்ற பல்கலைக்கழக ஆசிரியர் சிவிஎஸ் என்பதை வெளியிட்டார். இதன் பின்னணி எனக்குப் பிடித்தமானது. அவரும் அவருடைய மாணவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவர் ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவர். இன்னொருவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. ஆசிரியருக்குச் சாயங்காலம்தான் நேரம். மூன்று பேரும் ஒருவர் வேலையை ஒருவர் அழிக்காமல் இருக்க எழுதியதுதான் சிவிஎஸ். ஷிஃப்ட் மாறும்போது கேஷ் ஒப்படைக்கிற ஏற்பாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றிலும் நேரேஷன் உண்டு. மாற்றத்தை உள்ளே போடுவதற்குப் பெயர் கமிட். போடும்போது ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அதுதான் கமிட் மெசேஜ். எழுதியவர் பெயரும் வரிசை எண்ணும் தானாகவே ஏறிவிடும். எல்லாம் சேர்ந்து இருக்கிற கிடங்கைத்தான் ரெப்போசிட்டரி என்கிறார்கள்.

ஆக லெட்ஜர் இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் பிரச்சினை. அது பூட்டிய அறைக்குள் இருந்தது. விவரம் வேண்டுமென்றால் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துக் கேட்க வேண்டும். ஃபைல்களோ முன் கவுண்டரில், எக்ஸ்ப்ளோரரில் கிடந்தன. ஃபைலைப் பார்க்கிற இடத்தில் லெட்ஜர் தெரியாது, லெட்ஜர் தெரிகிற இடத்தில் ஃபைலைத் திறந்து வேலை செய்ய முடியாது. இரண்டையும் ஒரே மேஜையில் கொண்டுவந்து போட ஆன காலம் கொஞ்சநஞ்சமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எழுபதுகளிலேயே ஒருவர் பாதிக் கிணறு தாண்டியிருந்தார். டிஜிட்டல் எக்யூப்மெண்ட் கம்பெனி 1977இல் அறிவித்த வாக்ஸ் கணினிகளில் விஎம்எஸ் என்ற இயங்குதளம் ஓடியது. (எண்பதுகளில் நம் ரயில்வேயின் கம்ப்யூட்டர் முன்பதிவு ஆரம்பித்ததும் வாக்ஸ் இயந்திரங்களில்தான்.) அதில் ஃபைல் பட்டியலைக் கேட்டாலே ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு அரைப்புள்ளி, அப்புறம் ஒரு எண் வரும். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழையது அப்படியே இருக்கும், புதியது அடுத்த எண்ணோடு உட்காரும். இடம் அடைத்தால் பர்ஜ் என்று அடித்து பழையதைக் கழித்துக்கட்டலாம். யார், எதற்கு என்பது இல்லைதான். ஆனாலும் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் இது எத்தனையாவது பிரதி என்று தெரிந்தது. பின்னால் வந்த டாஸும் விண்டோஸும் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் 95இன் எக்ஸ்ப்ளோரரில் மைக்ரோசாஃப்ட் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. வெளியார் எழுதிய சின்னச் சின்ன நிரல்களை எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே குடியேற அனுமதித்தது. வலது க்ளிக் செய்தால் வரும் மெனுவில் உங்கள் வரியைச் சேர்க்கலாம், ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியில் உங்கள் பக்கத்தைச் சேர்க்கலாம். ஷார்ட்கட் ஐகானின் மூலையில் குட்டி அம்பு ஒன்று இருக்குமே, பின்னாளில் அதுபோல ஐகான் மேல் உங்கள் சொந்த முத்திரையைக் குத்தவும் வழி வந்தது. விண்டோஸ் 2000இல் புதிய காலம் சேர்க்கவும் வசதி கொடுத்தார்கள். இந்தக் குடியேறிகளுக்குப் பெயர் ஷெல் எக்ஸ்டென்ஷன்.

ஷெல் என்றால் ஓடு. ஓடு என்றதும் என்ன ஞாபகம் வரும்? இங்கிலாந்தில் க்ரீச்சர் லேப்ஸ் என்ற கணினி விளையாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த ஃப்ரான்சிஸ் இர்விங்குக்கு ஆமை ஞாபகம் வந்தது. சிவிஎஸ்ஸைச் சுலபமாக்க எக்ஸ்ப்ளோரருக்குள் உட்காரும் ஒரு நிரலை எழுதி, டார்ட்டாய்ஸ் சிவிஎஸ் என்று பெயர் வைத்தார். முதல் வெளியீடு 2000 ஆகஸ்ட் 4. ஃபைல் கிடக்கிற இடத்திலேயே லெட்ஜரின் நிலவரமும் தெரிந்தது. (இதே இர்விங் சில வருடம் கழித்து, பிரிட்டிஷ் எம்பிக்கள் நாடாளுமன்றத்தில் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி வைத்த பப்ளிக் விப் தளத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். மனுஷனுக்கு மூடிவைத்த கணக்கைக் கண்டால் ஆகாது போலிருக்கிறது :-))

சிவிஎஸ்ஸின் குறைகளைச் சரிசெய்ய 2000இல் தொடங்கி 2004இல் முதல் முழுப் பதிப்பு கண்டது சப்வெர்ஷன். அதற்கும் ஒரு ஆமை வேண்டுமென்று 2002இல் டிம் கெம்ப் ஆரம்பித்தார். அது இன்னும் பயன்பாட்டுக்குத் தயாராகாத நேரத்தில் ஸ்டெஃபான் க்யுங் என்பவர் தன் சொந்த உபயோகத்துக்கு இலவச மென்பொருள் தேடிக்கொண்டு வந்தார். வந்தவர் எழுத ஆரம்பித்து, கடைசியில் முதலில் இருந்த நிரலில் ஒரு வரிகூட மிச்சமில்லாத அளவுக்கு மாற்றி எழுதிவிட்டார். அதுதான் டார்ட்டாய்ஸ் எஸ்விஎன். விற்பனைப் பிரிவு, விளம்பரம் என்று எதுவும் இல்லாமல் நம் ஊர் மென்பொருள் கம்பெனிகளில் மேஜைக்கு மேஜை பரவியது.

நவி மும்பையில் எங்கள் வங்கியின் கணினிப் பிரிவுக்கு என்னை மாற்றியபோதுதான் நான் இந்த ஆமையைப் பார்த்தேன். நான் நிரல் எழுதுகிறவன் இல்லை. வட்டிக் கணக்கு சரியாக வருகிறதா என்று சோதிக்கிற ஆசாமி. சோதனைப் பட்டியல்கள், பாராமீட்டர் ஃபைல்கள் எல்லாமே அந்த ரெப்போசிட்டரியில் இருந்ததால் என் கணினியிலும் ஆமையை ஏற்றிக் கொடுத்தார்கள். ஃபோல்டரைத் திறந்தால் மாறாத ஃபைல் மேல் பச்சை வட்டத்தில் டிக். நான் கை வைத்த ஃபைல் மேல் சிவப்பில் ஆச்சரியக்குறி. இரண்டு பேர் ஒரே இடத்தில் கை வைத்திருந்தால் மஞ்சள் முக்கோணம். எங்கள் ஆபீசில் அப்போது எக்ஸ்பிதான். ஆகவே இன்னொரு சௌகரியமும் இருந்தது. தேதி, அளவுக்குப் பக்கத்திலேயே ரிவிஷன் எண், கடைசியாக மாற்றியவர் பெயர் என்று இரண்டு காலம் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு என் கிராமக் கிளை லெட்ஜர் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

இந்தப் பச்சை டிக் சும்மா வருவதில்லை. ஒரு ஃபோல்டருக்குப் பச்சை போட வேண்டுமென்றால் அதற்குள் இருக்கிற எல்லா ஃபைலும், உள்ஃபோல்டர்களும் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். எல்லாப் பக்கத்தையும் புரட்டாமல் ஆபீசர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட முடியாதல்லவா? அதற்காகப் பின்னணியில் டிஎஸ்விஎன் கேஷ் என்று ஒரு நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் கண் சிமிட்டும். பழைய கணினிகளில் இதைத் திட்டாதவர்கள் குறைவு.

அதைவிட முக்கியமானது, டிக்குக்கு என்ன அர்த்தம் என்பது. சப்வெர்ஷன் உங்கள் கணினியிலேயே மறைவான ஒரு ஃபோல்டரில், நீங்கள் கடைசியாக இறக்கிக்கொண்ட பிரதியை வைத்திருக்கும். 2011இல் 1.7 பதிப்பு வரும்வரை ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் இப்படி ஒரு மறைவு ஃபோல்டர் உண்டு. பச்சை டிக் என்றால் உங்கள் ஃபைல் அந்தப் பிரதியோடு ஒத்துப்போகிறது என்று பொருள். அவ்வளவுதான். சர்வரில் இருப்பதோடு ஒத்துப்போகிறது என்று பொருள் இல்லை. சர்வரிடம் அது கேட்கவே கேட்காது.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஒரு சம்பவம். 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குக்குத் தினசரி இருப்பின் மேல் வட்டி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு. அதற்கு முன்னால், மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 14ஆம் தேதி வரை 50,000 ரூபாய் வைத்திருந்து, 15ஆம் தேதி 500 ரூபாயை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்தவருக்கு, அப்போதிருந்த 3.5 சதவீதத்தில் பழைய கணக்குப்படி அந்த மாத வட்டி ஒன்றரை ரூபாய்கூட வராது. புதிய கணக்கில் ஏறக்குறைய 68 ரூபாய். பென்ஷன்காரர், கூலிக்காரர் என்று சம்பளம் வந்த வாரத்திலேயே பணத்தை எடுக்கிற எல்லோருக்கும் இது நிஜமான பணம்.

மார்ச் மாதம். மீட்டிங் அறை. மென்பொருள் கொடுத்த கம்பெனியின் பையன் தன் லேப்டாப்பைப் ப்ரொஜெக்டரில் போட்டுக் காட்டுகிறான். ஃபோல்டர் முழுக்கப் பச்சைப் பசேலென்று டிக். "எல்லாம் லேட்டஸ்ட் சார், பாருங்க." மேலதிகாரிகள் தலையாட்டுகிறார்கள். அவன் லேப்டாப்பில் இருந்தது விஸ்டா. ரிவிஷன் காலம் இல்லை. என் சோதனைத் தாளில் ஒவ்வொரு ஃபைலுக்கும் நேராக ரிவிஷன் எண்ணைக் குறித்துவைப்பது என் வழக்கம். "வட்டி கணக்குப் போடற ஃபைல் எந்த நம்பர் தம்பி?" என்று கேட்டேன். ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து படித்தான். என் தாளில் இருந்ததைவிடச் சின்ன எண். "அப்டேட் குடுங்க" என்றேன். வரிசையாக ஃபைல்கள் இறங்கின. தினசரி இருப்பு வட்டி ஃபைலும் அதில் இருந்தது. அதுவரை திரையில் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது பழைய கணக்கு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போயிருந்தால் ஏப்ரலிலும் குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி ஓடியிருக்கும்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். பச்சை டிக்கைப் பார்த்தால் எவனும் அப்படித்தான் நினைப்பான். போதாக்குறைக்கு விண்டோஸ் காட்டும் தேதியும் உதவாது. சப்வெர்ஷன் ஒரு ஃபைலை இறக்கும்போது, பொதுவாக இறக்கிய நேரத்தைத்தான் தேதியாகப் போடும். போன வருஷம் எழுதிய ஃபைலை இன்று இறக்கினால் இன்றைய தேதி. அந்த அறையில் உண்மையைச் சொன்னது எண் மட்டும்தான். விஸ்டா தூக்கிப் போட்டதும் சரியாக அந்த எண்ணைத்தான்.

2007இல் கடைக்கு வந்த விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ப்ளோரரை மாற்றி எழுதியது. காலம் சேர்க்கும் பழைய வழியை மூடிவிட்டார்கள். புது வழியில் ஃபைல் வகைக்கு ஒருவர்தான் விவரம் சொல்ல முடியும். படத்துக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என்று. எல்லா வகை ஃபைலுக்கும் 'யார், எத்தனையாவது' என்று சொல்ல வந்த ஆமைக்கு அங்கே இடமில்லை. முத்திரை மட்டும் மிஞ்சியது. எனக்குக் கேட்டால், தப்பான பாதியைத்தான் மிச்சம் வைத்தார்கள்.

மிஞ்சிய முத்திரைக்கும் அடிதடி. விண்டோஸில் ஐகான் முத்திரைகள் மொத்தம் பதினைந்துதான் இருக்க முடியும். அந்த எண்ணைக் குறிக்க நாலே நாலு பிட் ஒதுக்கியிருந்ததால் வந்த வினை. அதிலும் சிலவற்றை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். ஆமைக்கு ஒன்பது வேண்டும். 2008இல் டிராப்பாக்ஸ் வந்தது. பிறகு மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ். ஒவ்வொருவருக்கும் தனித்தனி முத்திரைகள். யாருக்கு இடம் என்பதை விண்டோஸ் எப்படித் தீர்மானிக்கும்? பெயரின் அகர வரிசைப்படி! டெலிபோன் டைரக்டரியில் முதலில் வர வேண்டுமென்று 'ஏ ஏ ஏ டிராவல்ஸ்' என்று பெயர் வைப்பார்களே, அதே கூத்து இங்கேயும். பெயருக்கு முன்னால் ஒரு வெற்றிடம் போட்டால் 'ஏ'வுக்கும் முன்னால் போய்விடலாம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். அடுத்தவர் இரண்டு வெற்றிடம் போட்டார். இதில் ஒன்டிரைவும் சேர்த்தி, ஆமையும் சேர்த்தி. ஆமைக் குடும்பத்துக்குள் மட்டும் ஒரு நல்ல பழக்கம். சிவிஎஸ் ஆமை, எஸ்விஎன் ஆமை, பின்னால் வந்த கிட் ஆமை எல்லாம் ஒரே செட் முத்திரையைப் பங்குபோட்டுக்கொண்டன. கூட்டுக் குடும்பம்!

லினக்ஸ் பக்கம் கேடிஇயின் டால்ஃபினில் 2010வாக்கில் இந்த வசதி உள்ளேயே வந்துவிட்டது. நாட்டிலஸுக்கு வந்ததன் பெயர் ராபிட் விசிஎஸ். ஆமை இருந்தால் முயலும் வேண்டாமா? மேக்கில் 2014இல் ஆப்பிள் முறையான வழி திறக்கும்வரை, ஃபைண்டருக்குள் டிராப்பாக்ஸ் போன்றவை திருட்டுத்தனமாக நுழைந்துதான் முத்திரை குத்தின.

இதற்கிடையில் லெட்ஜரே மாறிப்போனது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எழுதினார். 2008இல் ஃப்ராங்க் லீ அதற்கு டார்ட்டாய்ஸ் கிட் ஆரம்பித்தார், எஸ்விஎன் ஆமையின் நிரலை வைத்தே. கிட்டில் முழு லெட்ஜரின் நகலும் உங்கள் கணினியிலேயே இருக்கும். அதனால் இறக்கியவரைக்குமான நேரேஷனை எல்லாம் சர்வரைக் கேட்காமலேயே காட்டலாம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். கிட் ஃபைல் வாரியாகக் கணக்கு வைப்பதில்லை, மொத்த ஃபோல்டரின் நிலையைத்தான் ஒவ்வொரு முறையும் பதிகிறது. இந்த ஒரு ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்று கேட்டால் பின்னோக்கிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கிளையின் டே புக்கில் ஒருவருடைய கணக்கை மட்டும் தேடுகிற மாதிரி.

எட்டிப் பார்ப்பதிலேயே ஆபத்து இருக்கிறது என்பதும் மெள்ளத்தான் தெரிந்தது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ் ஒரு ஷார்ட்கட் ஓட்டையைப் பயன்படுத்தியது. க்ளிக் செய்யவே வேண்டாம். ஃபோல்டரைத் திறந்து எக்ஸ்ப்ளோரர் ஐகானைக் காட்டினாலே வைரஸ் ஓட ஆரம்பித்துவிடும். கிட்டிலும் 2022 ஏப்ரலில் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒன்று பிடிபட்டது. நீங்கள் நிற்கிற ஃபோல்டரில் ரெப்போசிட்டரி இல்லையென்றால் கிட் மேலே மேலே ஏறித் தேடும். பலர் பயன்படுத்தும் கணினியில் வேறு ஒருவர் சி டிரைவின் உச்சியில் ஒரு போலி ரெப்போசிட்டரியை வைத்துவிட்டால், அதன் அமைப்பு ஃபைலில் எழுதியிருக்கும் நிரலை உங்கள் பெயரில் ஓட்டிவிடும். நிலவரம் காட்டும் கருவிகள் நீங்கள் கேட்காமலேயே கிட்டைக் கூப்பிடுவதால் இன்னும் மோசம். அதன் பிறகு, ஃபோல்டரின் சொந்தக்காரர் வேறு ஆள் என்றால் கிட் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். உங்களுக்குத் தெரிந்த ஃபோல்டர்தான் என்று நீங்களே எழுதிக்கொடுத்தால்தான் நகரும். கேஒய்சி!

மைக்ரோசாஃப்டும் மாறியது. 2017இல் விண்டோஸின் மொத்த நிரலையும், சுமார் 35 லட்சம் ஃபைல், 300 ஜிபி, கிட்டுக்கு மாற்றினார்கள். 2018இல் கிட்ஹப்பையே வாங்கினார்கள். கிட்ஹப்பின் ஃபைல் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் கடைசி நேரேஷன் இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எக்ஸ்ப்ளோரர் மொட்டையாகத் தெரியாமல் என்ன செய்யும்? 2024 மே மாதம் பில்ட் மாநாட்டில் அறிவித்தார்கள், விண்டோஸ் 11 எக்ஸ்ப்ளோரரிலேயே கிட் விவரம் தெரியும் என்று. எந்தக் கிளை, எத்தனை மாற்றம், கடைசி கமிட் மெசேஜ். எக்ஸ்பியில் இருந்து விஸ்டாவில் பறிபோன காலம், பதினேழு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. முதலில் டெவ் ஹோம் என்ற தனி மென்பொருள் வழியாகக் கொடுத்தார்கள். அது 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட, வசதி மட்டும் விண்டோஸ் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு என்ற பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

எந்த ஃபோல்டருக்குக் காட்ட வேண்டும் என்று நாமே பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். காட்டுவது மட்டும்தான் அதன் வேலை, கமிட் செய்ய வேறு இடம் போக வேண்டும். அதற்கு வலது க்ளிக்கில் ஆமை இன்னும் இருக்கிறது. அது காட்டும் நிலவரமும் உங்கள் கணினியில் இருக்கும் நகலின் நிலவரம்தான், கிட்டிலும் சர்வரில் இருப்பதை இறக்கும்வரை தெரியாது. கிட்டுக்கு மாறாமல் சப்வெர்ஷனிலேயே இருக்கும் ஆபீஸ்களுக்கு இந்தக் காலங்கள் கிடையாது. அவர்கள் இன்னமும் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்துதான் ரிவிஷன் எண்ணைப் படிக்கிறார்கள்.